அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்

மதரஸா விடுதி, ஆற்காடு
22 ஜூன் 2025

அஸ்ஸலாமு அலைக்கும்.

யாருக்கு என்று எழுதித் தொடங்குவது எனத் தெரியாமல் சில தாள்களைக் கிழித்துவிட்டேன். ஆகவே ஸலாமோடு தொடங்குகிறேன். நீங்கள் உடல்நலத்தோடு இருக்க துஆ.

நான் மெஹக். வாணியம்பாடி தன்சீல் அகமதுவின் மகள். வஜீதா ஃபுப்பு சொன்னது சரியாக இருந்தால், உங்கள் மகள்.

ஃபுப்பு அப்பாவின் தங்கை. பக்ரீத்துக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது கறி நறுக்கிக்கொண்டே சொன்னார். "உன்னப் பெத்தவ ஆம்பூர்லதான் கீறா. ஷூ கம்பெனில." நான் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இறந்திருப்பீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொன்னதில்லை. உயிரோடு இருக்கிறீர்கள் என்றும் யாரும் சொன்னதில்லை. விலாசத்தை ஃபுப்பு ஒரு மசாலாப் பொட்டலத்தின் அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

நீங்கள் தமிழ் பேசும் வீட்டுக்காரர், உருது படிக்கத் தெரியாது என்றார். எங்கள் வீட்டில் உருதுதான். ஆனால் பத்தாவது வரை தமிழில் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கைபேசி கூடாது. வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து அப்பாவின் எண்ணுக்கு மட்டும் பேசலாம். கடிதம் எழுதலாம். போகிற கடிதம், வருகிற கடிதம் இரண்டையும் எங்களுக்குப் பாடம் எடுக்கும் உஸ்தானி படிப்பார். அன்வரி பேகம். நாங்கள் ஆப்பா என்போம். இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கும் ஆப்பாவுக்கும் ஸலாம்.

கேட்க இரண்டு உண்டு.

எனக்கு இரண்டரை வயதில் என்னை அப்பா வீட்டுக்குக் கொடுத்துவிட்டீர்களாம். பிறகு வரவே இல்லையாம். ஏன்?

நோன்புக்கு முன்னால், ஜனவரி கடைசியில், எங்களுக்கு நீண்ட விடுமுறை. அப்போது உங்களிடம் வந்து தங்கலாமா?

கோபத்தில் கேட்கவில்லை. தெரியாமல் கேட்கிறேன்.

வஸ்ஸலாம்.
மெஹக்


ஆம்பூர்
13 ஜூலை 2025

மெஹக்குக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் வந்தது. நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

உன் எழுத்து நிமிர்ந்து இருக்கிறது. எனக்குச் சாய்ந்துதான் வரும்.

உடம்பு பரவாயில்லை. சாயங்காலம் ஆனால் கண் மங்குகிறது. ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் இருக்கிறேன். இப்போது கறுப்புத் தோலில் கறுப்பு நூல். தையல் கோணினால் கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும். உன் கடிதத்தை டிபன் பையில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து மிஷினில் கேத்தரின் என்று ஒருத்தி. சாப்பாட்டு நேரத்தில் பார்த்துவிட்டாள். "இன்னா சகீனாக்கா, இந்தக் காலத்துல லெட்டரு! யாருக்கா அந்த ஆளு?" லைன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். யார் என்று சொல்லவில்லை.

சாப்பாடு எப்படி? தலையணை கொடுத்திருக்கிறார்களா? குளிக்கிற தண்ணீர் உப்பா? குழந்தையில் உனக்கு இடது காதில் சீழ் வடியும். இப்போதும் வருகிறதா? மழைக்காலத்தில் பஞ்சு வைத்துக்கொள்.

நீ கேட்டதற்கு அப்புறம் எழுதுகிறேன். ஆர்டர் ஜாஸ்தி. ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுகிறார்கள்.

என் அறை சின்னது.

அன்வரி பேகம் அவர்களுக்கு என் ஸலாம்.

சகீனா


மதரஸா விடுதி
3 ஆகஸ்ட் 2025

அஸ்ஸலாமு அலைக்கும்.

நலம். உங்கள் கண்ணுக்காக துஆ செய்கிறேன். டாக்டரிடம் காட்டினீர்களா?

எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம். வகுப்பில் சுவரோரம் உட்காருவேன், எல்லோரும் என் வலப்பக்கம் வரும்படி. ஏன் மந்தம் என்று யாருக்கும் தெரியாது. அப்பா பிறகு மணந்து, என்னை வளர்த்த அம்மிக்கும் தெரியாது. அம்மி நல்லவர். எனக்கும் தம்பிகளுக்கும் ஒரே அளவுதான் வைப்பார். அவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

என் காதைப் பற்றி எழுதினீர்கள். என் கேள்வியைப் பற்றி எழுதவில்லை.

போன வெள்ளிக்கிழமை அப்பாவிடம் கேட்டேன். லீவில் ஆம்பூர் போகட்டுமா என்று. அவர் சொன்னார். "போறதுன்னா போ. நான் தடுக்கல. ஆனா அந்த வாசல்ல என்னால வந்து நிக்க முடியாது. வேணாம்னு புள்ளைய குடுத்து அனுப்சவ அவ."

நீங்கள் வேண்டாம் என்றா கொடுத்தீர்கள்? ஆம், இல்லை, ஒரு சொல் போதும்.

அறை சின்னது என்று எழுதியிருந்தீர்கள். விடுதியில் ஒரு அறையில் பதினோரு பேர் படுக்கிறோம்.

வஸ்ஸலாம்.
மெஹக்


ஆம்பூர்
24 ஆகஸ்ட் 2025

மகள் மெஹக்குக்கு,

வ அலைக்கும் ஸலாம். சுகமாக இருக்கிறாயா? இங்கே மூன்று நாளாக மழை. பாலாற்றில் தண்ணீரைவிட நுரைதான் அதிகம்.

இல்லை.

நீ கேட்ட ஒரு சொல் அது. ஆனால் அதோடு முடியாது.

தலாக் ஆனபோது எனக்கு இருபது வயது. உன்னைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். ரஃபி அகமது, உன் மாமா. எங்களுக்கு வாப்பாவும் உம்மாவும் இல்லை. அண்ணன்தான் எல்லாம். சில மாதம் கழித்துப் பிள்ளை வேண்டும் என்று உன் அப்பா சொல்லி அனுப்பினார். நான் தரமாட்டேன் என்றேன். கதவைத் தாழ்போட்டு உட்கார்ந்தேன். "ஜமாத்துல கேட்டுக்கினு வர்றேன். அவங்க சொல்றதுதான்" என்று அண்ணன் கிளம்பினார். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு போனார். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்போது வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார். "ஷரீஅத்ல அப்படித்தான் கீது. பால் மறந்துட்டா புள்ள அப்பனுக்கு. நம்ம கைல ஒண்ணும் இல்ல, சகீனா."

மறுநாள் உன்னைக் குளிப்பாட்டினேன். நீ அழவில்லை. சோப்பு நுரையை அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். அண்ணன்தான் தூக்கிப் போனார்.

மனிதர்கள் கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டேன். அல்லாஹ் கேட்டான் என்பதால் தந்தேன். தந்த பிறகு வாசலில் போய் நிற்பது, எட்டிப் பார்ப்பது எல்லாம் தந்ததைத் திரும்பப் பிடுங்குவது மாதிரி. அதனால் வரவில்லை. வாணியம்பாடி வழியாக பஸ்ஸில் போனால் கண்ணை மூடிக்கொள்வேன்.

அண்ணன் இரண்டு மூன்று இடம் பார்த்தார். நான் மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. தெருவில் என்னைச் சபூருக்கு, பொறுமைக்கு, உதாரணம் சொல்வார்கள். தலாக் ஆன பெண் யாராவது இருந்தால் என்னிடம் கூட்டி வருவார்கள். நான் எதுவும் பேச மாட்டேன். பக்கத்தில் உட்காருவேன். அதுவே போதும் என்பார்கள். அழுகை நின்று அந்தப் பெண்கள் எழுந்து போவார்கள். நான் யார் என்று கேட்டால், மெஹக், எனக்குச் சொல்ல இருப்பது அது ஒன்றுதான்.

அதனால் நீ இங்கே வருவதைப் பற்றி எனக்குப் பயமாக இருக்கிறது. ஆசை இல்லாமல் இல்லை. ஆசைதான் பயம்.

காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்.

உன் அம்மிக்கு என் ஸலாம் சொல். அவருக்கு நான் தினமும் துஆ செய்கிறேன்.

சகீனா


மதரஸா விடுதி
16 செப்டம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு. நலம், மிகவும் நலம். இதைப் படித்ததும் நீங்களும் அப்படி ஆகிவிடுவீர்கள்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அந்தப் பாடம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். முந்தாநாள் வந்தது. ஃபிக்ஹு, மார்க்கச் சட்ட வகுப்பு. தலாக்குக்குப் பிறகு பிள்ளை யாரிடம் வளரும் என்பது. ஆப்பா கிதாபைத் திறந்து அரபியில் ஒரு வரி வாசிப்பார், பிறகு அர்த்தம் சொல்வார். பெண் பிள்ளை பெரியவளாகும்வரை தாயிடம். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"பால் மறந்ததும் தகப்பனுக்கு என்று எங்கே இருக்கிறது, ஆப்பா?"

"எங்கேயும் இல்லை."

"வேறு கிதாபில்?"

"எதிலும் இல்லை, மெஹக். தாய் வேற ஆளைக் கட்டிக்கிட்டா மாறலாம். அப்பவும் முதல் உரிமை தாயைப் பெத்தவங்களுக்கு. தகப்பன் செலவு குடுக்கணும், வந்து பார்த்துட்டுப் போகணும். அவ்வளவுதான்."

பக்கத்தில் இருந்தவள் தொடையில் கிள்ளினாள். "இன்னாடி, பாடத்துக்குப் போய் யாராவது அழுவாங்களா?"

அன்று மாலை ஆப்பாவிடம் போய் இன்னும் இரண்டு கிதாபைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினார். ஒன்றும் மாறவில்லை.

அம்மா, அல்லாஹ் என்னை உங்களிடமிருந்து எடுக்கவே இல்லை. அவன் உங்களிடம்தான் கொடுத்திருந்தான். ஜமாத்தில் யாரோ தெரியாமல் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் என்னைக் கூப்பிட்டால் எதையும் திரும்பப் பிடுங்குவதாக ஆகாது.

இனிப் பயம் இல்லையே? ஜனவரியில் வரட்டுமா?

உடனே எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.
உங்கள் மெஹக்


மதரஸா விடுதி
19 அக்டோபர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம்.

போன கடிதம் கிடைத்ததா? தபாலில் தவறியிருக்கலாம் என்று அதில் எழுதியதை மறுபடி எழுத நினைத்தேன். முதலில் எழுதும்போது இருந்த சந்தோஷம் இப்போது வரவில்லை.

தபால் வரும் நாளில் ஆப்பா ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கடைசிப் பெயர் முடிந்ததும் ஒரு முறை என்னைப் பார்ப்பார். பார்க்காமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

தப்பாக ஏதாவது எழுதிவிட்டேனா?

உங்கள் கண் எப்படி இருக்கிறது?

மெஹக்


ஆம்பூர்
9 நவம்பர் 2025

உஸ்தானி அன்வரி பேகம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் உடல்நலத்துக்கு துஆ. நான் மெஹக்கின் தாய் சகீனா.

எங்கள் கடிதங்களை நீங்கள்தான் முதலில் படிக்கிறீர்கள். ஆகவே என்னைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இது உங்களுக்கு எழுதியது. பிள்ளைக்குக் காட்ட வேண்டாம்.

மெஹக்கின் கடிதம் தவறவில்லை, கிடைத்தது. அன்றைக்குத் தொழுகை விரிப்பைப் போட்டு நின்றேன். ஆரம்பிக்க வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இப்போதும் ஐந்து நேரமும் விரிக்கிறேன், நிற்கிறேன், மடித்து வைக்கிறேன். உங்களிடம் இதைச் சொல்வது தப்பா என்று தெரியவில்லை. வேறு யாரிடமும் சொல்ல முடியாது. தெருவில் நான் வேறு ஆள்.

அண்ணி மவுத்தான பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அண்ணன் வீட்டுக்குக் குழம்பு நான்தான் கொண்டு போகிறேன். டேனரியில் முப்பது வருஷம் இருந்தவர். இப்போது மூச்சிரைப்பு. போன வெள்ளிக்கிழமை அவர் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன்.

"அன்னிக்கு ஜமாத்துல யார்கிட்டண்ணா கேட்ட?"

"என்னிக்கு?"

"மெஹக்க குடுக்கறதுக்கு மொத நாளு."

"இப்ப எதுக்கு அது?"

"யாரு சொன்னாங்க?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஆபீஸ் பூட்டி இருந்துச்சு" என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. ஸ்டேஷன் எதிர்ல டீக்கடைல ஒக்காந்தேன். பாங்கு சொல்லிட்டாங்க. வந்துட்டேன்."

"ஷரீஅத்துன்னு சொன்னியே."

"வேற இன்னா சொன்னா நீ கதவத் தொறந்திருப்ப? இருவது வயசு. இடுப்புல புள்ளயோட நின்னா உன்ன எவன் கட்டிக்குவான்? உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"நான் கட்டிக்கலியே."

"அதுக்கு நான் இன்னா பண்றது? நீதான் சபூர், சபூர்னு ஒக்காந்துட்ட."

கொஞ்ச நேரம் சாப்பிட்டார். பிறகு, "குழம்புல உப்பு கம்மி" என்றார். நான் எழுந்து போய் உப்பு எடுத்து வந்து வைத்தேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நான் உப்பு எடுத்து வந்தேன்.

இத்தனை காலம் அல்லாஹ்விடம் எனக்கு ஒரு கணக்குத் தீர்ந்த மாதிரி இருந்தது. நீ எடுத்தாய், நான் பொறுத்தேன் என்று. அவன் செய்யாத ஒன்றுக்காக அவனைப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது அவன் முன்னால் நின்று என்ன பேசுவது?

மெஹக் சந்தோஷமாக எழுதியிருந்தாள். அவள் மேல் தப்பு இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் மேல்தான் நான் நின்றுகொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. மாமா செய்ததும் அவளுக்குத் தெரிய வேண்டாம். அவளுக்குத் தாய்வழியில் உள்ள ஒரே ஆண் அவர்.

சகீனா


மதரஸா
21 நவம்பர் 2025

சகோதரி சகீனாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தைப் படித்து என் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

உங்கள் மகள் தினமும் தபால் நேரத்தில் வராந்தாவில் நிற்கிறாள். உன் அம்மா எனக்கு எழுதியிருக்கிறார், உனக்குரியதை உனக்கு எழுதுவார் என்று மட்டும் சொன்னேன். அவள் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். கேட்காததை நானாகச் சொல்லவும் மாட்டேன்.

தொழுகையைப் பற்றி நான் உங்களுக்குப் பாடம் எடுக்கப்போவதில்லை. விரிப்பை மடிக்காமல் அப்படியே விட்டு வையுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அது மார்க்கம் படித்த ஆலிமாவாகச் சொல்வது அல்ல.

எனக்குப் பிள்ளை இல்லை. அதற்காகத்தான் என் கணவர் வீட்டில் என்னை இந்த மதரஸாவுக்கு அனுப்பினார்கள். அல்லாஹ் உன்னை தீனுக்காகவே, மார்க்கப் பணிக்காகவே வைத்திருக்கிறான் என்றார்கள். இருபத்தைந்து வருஷமாக நானும் அதையே என் மாணவிகளிடம் சொல்லி வருகிறேன். அது யாருடைய விருப்பம் என்று இதுவரை நான் கேட்டுப் பார்த்ததில்லை. உங்கள் கடிதத்துக்குப் பிறகு இரண்டு முறை அந்தக் கேள்வி வாய்வரை வந்தது.

ஒரு விஷயம். விடுமுறையில் பெண்களை மஹ்ரமான ஆணிடம்தான் ஒப்படைப்போம். தகப்பன், உடன்பிறந்தவன், தாய்மாமன், இப்படி மணக்கத் தடையான உறவு யாராவது வந்து ரெஜிஸ்தரில் கையெழுத்துப் போட வேண்டும். தாய் மட்டும் வந்தால் அனுப்பமாட்டார்கள். இது கமிட்டியின் விதி.

நீங்கள் யோசிக்க நேரம் வேண்டும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

துஆவுடன்,
அன்வரி பேகம்


மதரஸா விடுதி
14 டிசம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். குளிர் அதிகம். மற்றபடி நலம்.

நீங்கள் ஆப்பாவுக்கு எழுதியதில் எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

விடுமுறை ஜனவரி இருபத்தெட்டாம் தேதி ஆரம்பம். என்னை அழைத்துப் போக மஹ்ரம் வேண்டும் என்கிறார்கள். நான் கமிட்டி ஆபீஸுக்கே போனேன். திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஆம்பூர் அவ்வளவு தூரம் இல்லை, சஃபர் என்கிற நீண்ட பயணக் கணக்கில் வராது, அதற்கு உட்பட்ட தூரத்துக்குப் பெண் தனியாகப் போகலாம் என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள் என்று. திரைக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம். "பாடம் வேற, பாதுகாப்பு வேற, மகளே" என்றார் ஒருவர். "அப்போ இதை ஷரீஅத்துன்னு சொல்லாம கமிட்டி விதின்னு போர்டுல எழுதுங்க" என்றேன். ஆப்பா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். தோட்டத்துப் பக்கம் போனதும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். ஆப்பா சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

விதி மாறவில்லை.

அப்பா வரமாட்டார். மீதி இருப்பது ரஃபி மாமா. அவரை அனுப்புவீர்களா? அவரைப் பற்றி நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு ஜமாத்தில் அப்படிச் சொல்லிவிட்டார்களே என்று வாசலில் நின்று உங்களிடம் சொல்வதற்கு அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். என்னைத் தூக்கிப் போனவரே திரும்பவும் கூட்டி வரட்டும்.

நீங்கள் என்னை வேண்டாம் என்றால் இப்போதாவது எழுதிவிடுங்கள். லீவில் யாரும் கூப்பிட வராத பெண்கள் இங்கேயே தங்குவார்கள். போன வருஷம் இருவர் இருந்தார்கள். சமையல்காரம்மா அவர்களுக்காக மட்டும் உலை வைப்பார். நானும் இருந்துகொள்வேன்.

மெஹக்


ஆம்பூர்
4 ஜனவரி 2026

என் மெஹக்குக்கு,

வ அலைக்கும் ஸலாம். உடம்பு எப்படி இருக்கிறது? என் கண்ணுக்குக் கண்ணாடி போட்டாகிவிட்டது. இதை அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீ வேண்டும்.

முன்பே எழுதியிருக்க வேண்டிய வரி. இப்போது எழுதிவிட்டேன். இனி எழுதப்போவதைப் படித்த பிறகு வருவதா வேண்டாமா என்று நீ முடிவு செய்.

ஜமாத்தில் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. யாரையும் கேட்கவே இல்லை. அன்று ஆபீஸ் பூட்டியிருந்தது. உன் மாமா ஸ்டேஷன் எதிரில் டீக்கடையில் பாங்கு சொல்லும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்து ஷரீஅத் என்று என்னிடம் சொன்னார். நான் மறுபடி கல்யாணம் செய்துகொள்வேன் என்பதற்காக. எனக்கு நல்லது என்று நினைத்து. அதை இப்போதுதான், நான் கேட்ட பிறகு, சொன்னார்.

உன்னிடமிருந்து இதை மறைக்கத்தான் நினைத்தேன். ஆப்பாவுக்கும் அப்படித்தான் எழுதினேன். உன் போன கடிதத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. எனக்கு எது தெரிய வேண்டும், எது தெரியக்கூடாது என்று ஒருத்தர் டீக்கடையில் உட்கார்ந்து முடிவு செய்தார். உனக்கு அதை நான் செய்ய மாட்டேன்.

போன மாதம் ஒரு பெண்ணை என்னிடம் கூட்டி வந்தார்கள். பேரணாம்பட்டுப் பெண். மடியில் குழந்தை. வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குமேல் பேசாமல் இருக்க முடியவில்லை. "யாரையும் அனுப்பாத. நீயே போய்க் கேளு. எழுதி வாங்கு" என்றேன். அவள் தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "சபூர் சொல்லுவன்னு கூட்டியாந்தா, நீ இன்னாடி சண்டைக்குத் தூண்டி விடற?" இனி யாரையும் கூட்டி வர மாட்டார்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் சத்தமே இல்லை.

இன்னொன்று. நான் தொழுது நாளாகிறது. நீ ஆலிமாவாகப் போகிறவள். நீ கேள்விப்பட்ட அந்தப் பொறுமைக்காரி இங்கே இல்லை. வந்து பார்த்து ஏமாறக்கூடாது.

மாமாவிடம் கேட்டேன்.

"ரெண்டு பேரும் போய்க் கூட்டியாரணும். கையெழுத்துக்கு நீ வேணும்" என்றேன்.

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"எழுதப் போறேன்."

"எழுதாத, சகீனா. இந்த வயசுல அது மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"அது உன் பாடு."

வெகுநேரம் மூச்சிரைத்தது. நான் முதுகைத் தடவவில்லை. எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து, "எத்தினி மணி பஸ்ஸு?" என்று கேட்டார்.

இருபத்தெட்டாம் தேதி நாங்கள் இருவரும் கேட்டில் இருப்போம். நீ அவரோடு வர மாட்டேன் என்றால் அதுவும் சரி. ஆப்பாவிடம் சொல்லி அனுப்பு. நான் கேட்டுக்கு வெளியே உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். ஆனால் அதைச் சபூர் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

அம்மா


மதரஸா விடுதி
19 ஜனவரி 2026

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

பரீட்சை முடிந்துவிட்டது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அதனால் நலம்.

உங்கள் கடிதத்தை ஆப்பா பிரிக்காமல் கொடுத்தார். இதையும் நீயே ஒட்டி எடுத்து வா என்றுவிட்டார். யாரும் படிக்காத கடிதத்தில் என்ன எழுதுவது என்று இரண்டு நாளாகத் தெரியவில்லை.

மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மோசமான கடிதம். கிழித்துவிட்டேன். அதில் ஒரு இடத்தில் உங்களையும் திட்டியிருந்தேன். தெருவில் இறங்கி இன்னும் ஒரு ஆளைக் கேட்டிருக்கக் கூடாதா என்று. பிறகு யோசித்தேன். என் வயதைவிட இரண்டு வயதுதான் அப்போது உங்களுக்கு அதிகம். நான் இந்தக் கிதாபெல்லாம் படித்த பிறகும் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பேசினேன். விதி மாறவில்லை.

தொழுகையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வரவா என்று கேட்டபோது நீங்கள் தொழுகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கப்போவதில்லை. நான் தொழுவேன். அறை சின்னது என்பதால் நீங்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட வேண்டியிருக்கும்.

மாமாவோடு வருகிறேன். ஆனால் நான் மன்னித்துவிட்டதாக அவரிடம் சொல்லிவிடாதீர்கள். மன்னிக்கவில்லை. கையெழுத்துக்கு ஒரு ஆண் வேண்டும், அவர் வருகிறார், அவ்வளவுதான். கேட்டில் ஸலாம் சொல்வேன். அது கடமை.

வேலூரில் பஸ் மாற வேண்டும். ஆம்பூர் பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டாகப் பார்த்துப் பிடியுங்கள். ஜன்னல் பக்கம் எனக்கு வேண்டும். மாமா அந்தக் கோடியில் உட்காரட்டும்.

நீங்கள் நடுவில் உட்காருங்கள். அவர் ஏதாவது பேச ஆரம்பித்தால் நீங்களே பதில் சொல்லுங்கள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வருவேன்.

மெஹக்